தின்பண்ட உறைகளும் பொதுக் கட்டடங்களும்: மறுசுழற்சி குறித்த ஒரு மதிப்பாய்வு

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம் எனப் பலரும் கூடிப் புழங்கும் கட்டடங்களில் சேரும் குப்பையில் தின்பண்ட உறைகளின் பங்கு எடையளவில் மிகச் சிறியது. உணவுக் கழிவும் காகிதமும் அட்டைப்பெட்டியும் தண்ணீர்ப் புட்டியும் அவற்றைவிடப் பன்மடங்கு கனமானவை. ஆயினும் சிப்ஸ், மிக்சர், பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றைப் பொதிந்துவரும் பளபளப்பான உறைகளே குப்பை மேலாண்மையின் பலவீனத்தை வேறெதையும்விடத் தெளிவாக வெளிக்காட்டுகின்றன. உணவுக் கழிவுக்கு உரக்குழி உண்டு. காகிதத்துக்கும் புட்டிக்கும் பழைய பேப்பர் கடை உண்டு. இந்த உறையை மட்டும் விலை கொடுத்து வாங்க ஆளில்லை. இது பற்றிய பேச்சு பெரும்பாலும் எத்தனை தொட்டி வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது, எந்த மூலையில் வைப்பது என்பதோடு நின்றுவிடுகிறது. தொட்டிக்கு முன்னே நிகழும் கொள்முதலும் தொட்டிக்குப் பின்னே உறை சென்றுசேரும் இடமும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன என்பதும், அவ்விரண்டில் கட்டடத்தின் கைக்கு எளிதில் எட்டுவது கொள்முதலே என்பதும், இந்திய நிலவரத்தையும் பிரிட்டன், ஆஸ்திரேலிய அனுபவங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகின்றன.

முதலில் பொருளின் இயல்பைப் பார்க்க வேண்டும். சிப்ஸ் உறையொன்றைக் கையில் எடுத்தால், வெளிப்பக்கம் அச்சும் உட்பக்கம் வெள்ளி நிறமும் கொண்ட ஒற்றைத் தாள் போலத் தோன்றும். உண்மையில் அது குறைந்தது இரண்டு தாள்களைப் பசையாலோ உருக்கிய பாலிஎத்திலீனாலோ ஒட்டிச் செய்யப்பட்டதாகும். வெளித்தாள் பெரும்பாலும் இரு திசைகளிலும் இழுத்து நீட்டப்பட்ட பாலிபுரோப்பிலீன். அதன் உட்பக்கத்தில் எழுத்தும் படமும் இடவலமாக மாற்றி அச்சிடப்படுவதால்தான், கை வியர்வை பட்டாலும் கடைக் கொக்கியில் மாதக்கணக்கில் உரசிக்கொண்டு தொங்கினாலும் மை அழிவதில்லை. உட்தாளின்மேல், காற்று நீக்கிய கலத்தில் ஆவியாக்கப்பட்ட அலுமினியம் படியவைக்கப்படுகிறது. அப்பூச்சின் தடிமன் சில பத்து நானோமீட்டர்களே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனை மெல்லிய உலோகம் ஒளியையும் ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுத்துவிடுவதால், எண்ணெயில் பொரித்த பண்டம் நமத்துப்போகாமலும் காறல் வாடை ஏறாமலும் பல மாதங்கள் தாங்குகிறது. உள்ளே நிரப்பப்படும் நைட்ரஜனும் அதே வேலையைச் செய்வதோடு, பண்டம் நொறுங்காமல் மெத்தை போலவும் நிற்கிறது. காசு கொடுத்துக் காற்று வாங்குகிறோம் என்று நுகர்வோர் அலுத்துக்கொள்வது முழுக்க நியாயமன்று.

உணவைக் காக்கும் இந்த அடுக்குகளே மறுசுழற்சிக்குக் குறுக்கே நிற்கின்றன. பழைய பிளாஸ்டிக்கைக் கழுவி, உருக்கி, மணிகளாக்கி மீண்டும் வார்ப்பதே வழக்கமான இயந்திரவழி மறுசுழற்சி. பாலிஎத்திலீன் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். பாலிபுரோப்பிலீனுக்குச் சுமார் 160 டிகிரி வேண்டும். சில மிக்சர் உறைகளில் இடம்பெறும் பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தொட்டால்தான் உருகும். ஒன்று உருகும் சூட்டில் மற்றொன்று கட்டியாக நிற்கும், அல்லது ஒன்றுக்கு ஏற்ற சூட்டில் இன்னொன்று கருகும். மையும் பசையும் அலுமினியத் துகளும் சேர்ந்து, கிடைக்கும் மணிகளைச் சாம்பல் நிறமாக்கி, அவற்றின் வலுவையும் குறைத்துவிடுகின்றன. இவ்வகைப் பொருளே சட்ட மொழியில் பல்லடுக்குப் பிளாஸ்டிக் எனப்படுகிறது.

எனினும் இதை மறுசுழற்சி செய்யவே முடியாது என்று கூறுவது மிகை. உள்ளும் புறமும் பாலிபுரோப்பிலீனாகவே இருக்கும் உறைகளில், அந்த நுண்ணிய அலுமினியப் பூச்சையும் மீறி, தரம் குறைந்த பொருள்களைச் செய்ய உதவும் மணிகளைப் பெறலாம். புணேயைச் சேர்ந்த அஷாயா என்னும் நிறுவனம் சிப்ஸ் உறைகளிலிருந்து பெற்ற பிளாஸ்டிக்கைக் கொண்டு குளிர்கண்ணாடிச் சட்டங்களைச் செய்து 2023இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இவை எல்லாம், உறை சுத்தமாகவும் தனியாகவும் பெருமளவிலும் வந்துசேரும் என்ற நிபந்தனையின்பேரிலேயே நடக்கின்றன. தொழில்நுட்பத்தால் கூடுவது வேறு, ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தின் பின்வாசலில் நடப்பது வேறு.

அந்தப் பின்வாசலில் நடப்பதைத் தீர்மானிப்பது விலை. பால் கவர் மெல்லியதுதான், அச்சிட்டதுதான், பால் ஒட்டி நாறக்கூடியதும்தான். ஆனாலும் அது ஏறத்தாழ முழுக்கப் பாலிஎத்திலீன் ஆனதால் அதற்குக் கிலோ விலை உண்டு. எனவே வீடுகளில் அதைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து எடைக்குப் போடும் வழக்கம் எவருடைய பிரச்சாரமும் இல்லாமல் வேரூன்றியது. தின்பண்ட உறைக்கு அந்த விலை கிடையாது. ஓர் உறையின் எடை 3 கிராம் என்று கொண்டால், ஒரு கிலோ சேர 330க்கும் மேற்பட்ட உறைகள் வேண்டும். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி, உதறி, பிரித்து வைப்பவருக்கு அதன்பின்பும் கையில் ஒன்றும் கிடைப்பதில்லை. குப்பை பொறுக்கி வாழ்வோர் பெட் புட்டியையும் அட்டையையும் தகரத்தையும் நொடியில் கண்டெடுத்துவிட்டு உறையை விட்டுச் செல்வதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. நாள் முழுதும் உழைத்தாலும் அரை வயிற்றுக்கே ஈட்டும் ஒருவரின் சரியான கணக்கு அது. மேலும், கசக்கிய உறை மீண்டும் விரிந்து எழும்பும் இயல்புடையது. அழுத்திக் கட்டும் இயந்திரம் இல்லாத இடத்தில், சாக்கில் அடைத்து வண்டியேற்றினால் வண்டி சுமப்பது பெரும்பாலும் காற்றையே.

இந்தச் சந்தைக் குறையை ஈடுசெய்யச் சட்டம் முயன்ற வரலாறு கவனத்துக்குரியது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கின் உற்பத்தியும் பயன்பாடும் இரண்டு ஆண்டுகளுக்குள் கைவிடப்பட வேண்டும் என்று விதித்தன. கெடு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில் வந்த திருத்தம் அந்த வாசகத்தை விரித்து, மறுசுழற்சி செய்ய இயலாத, எரிசக்தி மீட்க இயலாத, வேறு மாற்றுப் பயனும் இல்லாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்குக்கே தடை பொருந்தும் என்றாக்கியது. பிளாஸ்டிக் எதுவானாலும் எரியும். எரிந்தால் வெப்பம் தரும். ஆகவே அத்திருத்தத்துக்குப் பின் தடைக்குள் வரக்கூடிய உறை ஏதேனும் மிஞ்சியதா என்பதே ஐயம். ஒரு துறையையே மாற்றியமைத்திருக்கக்கூடிய விதி, சில சொற்களின் சேர்க்கையால் பல்லிழந்தது என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதன்பின் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் குறையவில்லை என்பது கண்கூடு.

தமிழ்நாட்டு அரசு 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை, தூக்குப்பையையும் பிளாஸ்டிக் குவளையையும் உறிஞ்சுகுழலையும் குறிவைத்தது; உற்பத்திச் சாலையிலேயே பொருளோடு சேர்த்து மூடி முத்திரையிடப்படும் உறைகளுக்கு அதில் விலக்கு இருந்தது. 2020 ஜூனில் அவ்விலக்கு நீக்கப்பட்டபோதும், நாடெங்கும் ஒரே உறையில் விற்கும் நிறுவனங்களின் சரக்கை ஒரு மாநிலம் மட்டும் மாற்றுவது காகிதத்தில் எழுதுவதுபோல் எளிதாக இல்லை. 2022 ஜூலை 1 முதல் நடுவண் அரசு விதித்த தடைப் பட்டியலிலும் தின்பண்ட உறை இல்லை. இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய தாள் இருக்கிறது, பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் சிப்ஸ் உறை இல்லை.

தடையின் இடத்தை நிரப்ப வந்தது, உற்பத்தியாளருக்கான நீட்டிக்கப்பட்ட பொறுப்பு எனப்படும் ஏற்பாடு. ஒரு பொருளை விற்றதோடு நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடாது, அதன் உறை குப்பையான பின்பும் அதைத் திரட்டிக் கையாளும் செலவு நிறுவனத்தையே சாரும் என்பது இதன் அடிப்படை. 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் பிளாஸ்டிக் பொதிகளை நான்கு வகையாகப் பிரித்து, பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் கலந்த பல்லடுக்குப் பொதிகளை மூன்றாம் வகையில் வைத்து, அவற்றில் 2024–25இல் 30 விழுக்காட்டையும் படிப்படியாக உயர்த்தி 2027–28இல் 60 விழுக்காட்டையும் மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று இலக்கு விதித்தன. மறுசுழற்சிக்கு ஆகாதவற்றைச் சாலை போடவும், சிமெண்ட் சூளையில் எரிக்கவும், எண்ணெயாக மாற்றவும் அந்நெறிகளே இடம் தருகின்றன.

இந்தக் கடைசி வழிகளைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் தமிழ்நாட்டில் ஓர் அலுவலகத்தின் உலர் குப்பை மிக நன்றாகக் கையாளப்பட்டால்கூட, அதிலுள்ள தின்பண்ட உறைகள் போய்ச்சேரக்கூடிய இடங்கள் பெரும்பாலும் இவையே. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமெண்டாக்கும் சூளையில் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டும். நிலக்கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கழிவை அதில் இடுகிறார்கள். உள்ளாட்சிகள் திரட்டும் இத்தகைய கழிவு அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பப்படுகிறது. திறந்த வெளியில் கொளுத்துவதோடு ஒப்பிட்டால், இத்தனை உயர்ந்த வெப்பத்தில் எரிப்பது பன்மடங்கு மேலானது. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பை மலைகளோடு இன்னொரு பிடியைச் சேர்ப்பதைவிடவும் மேலானது. ஆனால் எரிந்த உறை மீண்டும் உறையாவதில்லை. வேறு பொருளாகவும் ஆவதில்லை. தின்பண்டத்தின் உப்பு உறையில் ஒட்டியிருந்தால் அதன் குளோரின் சூளைக்கும் தொல்லை. இதை எரிசக்தி மீட்பு என்று சொல்லலாம், மறுசுழற்சி என்று தொட்டியின் மேல் எழுதி ஒட்டுவது பொருந்தாது.

சாலைகளின் கதை சற்று வேறானது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சுமார் 160–170 டிகிரி வெப்பத்தில் இருக்கும் கருங்கல் ஜல்லியின் மேல் தூவினால், அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படியும்; அதன்மேல் தார் சேர்க்கும்போது பிடிப்பு கூடி, நீர் புகுவது குறைகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தின் ஜம்புலிங்கம் தெருவில் 2002இல் இவ்வாறு சாலை போடப்பட்டது; 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வகை பிரிக்க முடியாத மெல்லிய பிளாஸ்டிக்குக்கு உள்ளூரிலேயே ஒரு பயனைக் கண்டது இம்முறையின் சிறப்பு. ஆனால் ஒற்றைத்தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக்கே செலவாகும் என்பதாலும், சாலை தேயும்போது வெளிப்படும் நுண்துகள்கள் பற்றிய கேள்வி இன்னும் முடிவடையாததாலும், இதையே முழுத் தீர்வாகக் கொள்ள முடியாது.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மக்கள் தாமாகவே முன்வந்து உறைகளைச் சேகரித்துக் கொடுத்த திட்டங்கள், அதாவது பள்ளி, அலுவலகம், நூலகம், அங்காடி ஆகியவற்றில் தனித்தொட்டி வைக்கும் முறை, ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கையை எழுப்பின. 2018 செப்டம்பரில், 38 டிகிரீஸ் என்னும் பிரச்சார அமைப்பின் அழைப்பை ஏற்ற பிரித்தானியர்கள், தின்று முடித்த காலி உறைகளைச் சிப்ஸ் தயாரிக்கும் வாக்கர்ஸ் நிறுவனத்துக்கே அஞ்சலில் அனுப்பத் தொடங்கினர். உறையின் மேலேயே முகவரி ஒட்டி அனுப்பியதால் இயந்திரத்தில் பிரிக்க முடியாமல் திணறிய அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில், தயவுசெய்து ஒரு கவருக்குள் இட்டு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே வாக்கர்ஸ், டெராசைக்கிள் என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து நாடு தழுவிய சேகரிப்பைத் தொடங்கியது. அலுவலக ஊழியர்கள் தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, உறைகளைப் பெட்டியில் நிரப்பி அனுப்பினால், எடைக்கேற்பத் தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை சேர்ந்தது. ஒரு நிறுவனத்தை மக்கள் நெருக்கி வழிக்குக் கொண்டுவந்த விதம் பாராட்டுக்குரியது. ஆனால் அத்திட்டம் தன்னார்வலர்களின் ஓயாத உழைப்பிலும் நிறுவனத்தின் விளம்பரச் செலவிலும் நின்றதே தவிர, உறைக்குச் சந்தையில் ஒரு மதிப்பு பிறந்ததால் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அது முடித்துக்கொள்ளப்பட்டு, பெரிய அங்காடிகளின் வாசலில் மென்பிளாஸ்டிக்குக்கென வைக்கப்பட்ட பொதுத் தொட்டிகளுக்குப் பொறுப்பு நகர்ந்தது.

அத்தொட்டிகளின் கதி என்ன என்பதை, எவ்ரிடே பிளாஸ்டிக் என்னும் அமைப்பும் சுற்றுச்சூழல் புலனாய்வு முகமை என்னும் அமைப்பும் மென்பிளாஸ்டிக் கட்டுகளுக்குள் இருப்பிடம் காட்டும் கருவிகளை ஒளித்துவைத்து ஆராய்ந்து 2024இல் வெளியிட்டன. சேருமிடம் தெரியவந்தவற்றில் 70 விழுக்காடு எரிக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் ரெட்சைக்கிள் என்னும் சேகரிப்புத் திட்டத்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. இரண்டு பெரும் அங்காடித் தொடர்களின் வழியாகப் பத்தாண்டுக்கும் மேலாக மக்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்து போட்ட மென்பிளாஸ்டிக், வாங்கிப் பயன்படுத்தும் ஆலைகள் போதாமல் கிடங்குகளில் குவிந்துகொண்டிருந்தது தெரியவந்து, 2022 நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. குவிந்துகிடந்த அளவு சுமார் 11,000 டன். இவ்விரு நிகழ்விலும் மக்கள் பிரித்துப் போட மறுக்கவில்லை. அவர்கள் தம் பங்கை ஒழுங்காகவே செய்தார்கள். உறையின் பயணம் முறிந்த இடம் தொட்டிக்குப் பின்னே இருந்தது.

இதற்கிடையே சட்டம் பணியிடங்களையே நேரடியாகத் தொட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் இடங்கள் மறுசுழற்சிக்குரிய பொருள்களையும் உணவுக் கழிவையும் பிரித்தே கொடுக்க வேண்டும் என்ற விதி 2025 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு மட்டும் 2027 மார்ச் 31 வரை தவணை தரப்பட்டிருக்கிறது. சட்டம் இயற்றியோருக்கே இது முள் என்பதற்கு இத்தவணை சான்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் அரசு அலுவலகம், தனியார் நிறுவனம், கல்லூரி, மருத்துவமனை, விடுதி போன்றவற்றைப் பெருங்கழிவு உருவாக்குவோர் என வகைப்படுத்தி, இருந்த இடத்திலேயே பிரித்துக் கொடுக்கும் கடமையை அவற்றின்மேல் சுமத்தின. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி என்ற காட்சி அலுவலகங்களில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டியின் வடிவம் பொருட்டே அன்று என்று சொல்வதற்கில்லை. ஷான் டஃபி, மிஷெல் வெர்ஜஸ் என்போர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழகக் கட்டடங்களில் புட்டிக்கு வட்டத் துளை என்பதுபோல் பொருளுக்கேற்ற துளையுள்ள மூடியை இட்டபோது, மறுசுழற்சித் தொட்டியில் சேர்ந்த பானக் கலன்கள் 34 விழுக்காடு கூடியதையும், வேண்டாத கலப்பு 95 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. ரெமி ட்ரூடல், ஜெனிபர் ஆர்கோ ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, நசுங்கியதையும் கசங்கியதையும் கிழிந்ததையும் மக்கள் மறுசுழற்சித் தொட்டியில் போடாமல் வெறும் குப்பையாகவே கருதுகிறார்கள் என்று கண்டது. தின்னும்போதே கசங்கிவிடும் உறைக்கு இது எவ்வளவு பாதகம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இவற்றையெல்லாம்விடச் சிந்திக்கத்தக்கது, அதே ஆண்டில் ஜெஸ்ஸி கேட்லின், யிட்டொங் வாங் இருவரும் கண்டது: மறுசுழற்சித் தொட்டி பக்கத்தில் இருக்கும்போது மக்கள் காகிதத்தை வழக்கத்தைவிட அதிகமாகச் செலவழித்தார்கள். தொட்டி குற்ற உணர்வைத் தணிக்கிறது. தணிந்த மனம் இன்னொன்றை எடுக்கத் தயங்குவதில்லை. உறைகள் பெரும்பாலும் எரியப்போகும் ஓரிடத்தில், மறுசுழற்சி என்று எழுதிய தொட்டி நுகர்வைக் கூட்டிவிடுமானால் அது இல்லாமலிருப்பதே நல்லது.

ஆய்வுகள் தொடாத சில நடைமுறைகளும் உண்டு. மாலைத் தேநீர் வேளையில், தின்று முடித்த உறையை நான்காக மடித்து, அடியில் ஒரு மிடறு தேநீர் தங்கியிருக்கும் காகிதக் குவளைக்குள் திணித்துப் போடுவது அலுவலகங்களில் நாசூக்கான பழக்கமாகக் கருதப்படுகிறது. இதனால் உறை நனைந்து துணுக்குகள் ஊறுகின்றன. உட்புறம் பாலிஎத்திலீன் பூசிய குவளையும் எண்ணெய்ப்பட்டுக் கெடுகிறது. இரண்டையும் பிரித்தெடுக்க எவருக்கும் கை வராது. உறையை முடிச்சிட்டுப் போடுவதும் அப்படியே: உள்ளே சிறைப்பட்ட துணுக்குகள் எறும்பையும் கரப்பானையும் வரவழைக்கின்றன. அனுப்பத்தக்க எடை சேரும்வரை உறைகளை வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், எலிக்கு அஞ்சியே கட்டட நிர்வாகிகள் தனிச் சேகரிப்புக்கு இணங்குவதில்லை. பச்சை, நீலம் என இரு தொட்டிகளிலும் சேர்ந்தது, மாலையில் ஒரே கறுப்புப் பைக்குள் கவிழ்க்கப்பட்டுச் சரக்கு மின்தூக்கியில் இறங்குவதும் பல கட்டடங்களில் காணக்கூடியதே.

இதற்குத் தூய்மைப் பணியாளர்களைக் குறை சொல்லுவது வழக்கம், அது நியாயமன்று. அவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். இத்தனை தளம், இத்தனை கழிப்பறை, இத்தனை மணிக்குள் என்பதே அவர்களுக்கு அளிக்கப்பட்ட வேலைக் கணக்கு. பிரித்தெடுப்பதற்கான நேரம் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்றால், அதற்கான கூலியும் இல்லை என்று பொருள். அட்டையையும் புட்டியையும் எடைக்குப் போட்டுக் கிடைக்கும் சில்லறை பல இடங்களில் அவர்களுடைய கைச்செலவுக்கு உதவுகிறது. புதிதாகத் திட்டம் தொடங்கும் நிர்வாகங்கள், விலைபோகும் அப்பொருள்களை ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு, விலைபோகாத உறையைப் பிரிக்கும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டுவதுண்டு. அத்தகைய திட்டம் நிலைக்காமல் போவதில் வியப்பில்லை.

இனிக் கொள்முதலுக்கு வரலாம். தெருவுக்கு ஆயிரம் வாசல். பொதுக் கட்டடத்துக்கு ஒரு சிற்றுண்டிச்சாலை, ஓர் உரிம ஒப்பந்தம், கூட்டங்களுக்குத் தின்பண்டம் வாங்க ஒரு பிரிவு. எதை எந்த உறையில் விற்கலாம் என்பதை அந்த ஒப்பந்தத்தின் ஒரு பத்தியால் மாற்ற முடியும்; வீடுகளுக்கோ தெருவுக்கோ இந்த வசதி இல்லை. 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் தொடங்கிய பசுமை நெறிமுறை பின்னர் அரசு அலுவலகங்களுக்கும் விரிந்தது. ஒருமுறைப் பொருள்களை உள்ளே விடாமல், எவர்சில்வர் தட்டும் கண்ணாடிக் குவளையும் கழுவும் இடமும் ஏற்படுத்துவதே அதன் சாரம். குப்பையைப் பிரிப்பது எப்படி என்பதற்கு முன், குப்பையே வராமல் செய்வது எப்படி என்று அது கேட்டது.

தமிழ்நாட்டு அலுவலகச் சிற்றுண்டியின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. வடையும் பஜ்ஜியும் சுண்டலும் உறையில்லாத பண்டங்கள். முறுக்கும் தட்டையும் கடலை மிட்டாயும் தேநீர்க் கடையின் கண்ணாடிப் புட்டியிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுக்கப்பட்டவை. உறையிட்ட பொட்டலம் இவற்றை வென்றது சுவையால் மட்டுமன்று. விலையும் எடையும் அச்சிட்டிருப்பதாலும், கணக்கு வைக்க எளிதாக இருப்பதாலும், தானியங்கி விற்பனைப் பெட்டிகளுக்கு உறையில்லாத பண்டத்தைக் கையாளத் தெரியாததாலும் அது வென்றது. எனவே பழைய முறைக்குத் திரும்புவதென்றால் அந்த வசதிகளுக்கு மாற்று காண வேண்டும். வட்டாரத்துக் காரவகைக் கடையிலிருந்து மூடியுள்ள தூக்குகளில் மொத்தமாக வாங்கி, அளவுக் கரண்டியால் கிண்ணத்தில் கொடுத்தால், ஒரு கிலோ மிக்சருக்கு 30 கிராம் பொட்டலங்களின் உறைகள் முப்பதுக்கு மேல் மிச்சமாகும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு எந்நாள் வரை உண்ணலாம் என்பதைக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் முதல் விதித்திருப்பதைப் போன்ற ஒழுங்கைக் காரத்துக்கும் கடைப்பிடிக்கலாம். வடையைச் செய்தித்தாளில் மடித்துத் தருவது மட்டும் கூடாது. அச்சு மை உணவில் சேரும் என்பதால் 2018ஆம் ஆண்டின் பொதிவு ஒழுங்குமுறைகள் அதை விலக்கியிருக்கின்றன. வாழையிலைத் துண்டோ தட்டோ போதும்.

உறையையே மக்கக்கூடியதாக்குவது எளிய வழியாகத் தோன்றும். 2010இல் அமெரிக்காவில் சன்சிப்ஸ் என்னும் பண்டத்துக்கு அத்தகைய உறை அறிமுகமாகி, தொட்டாலே எழும் பெருஞ்சத்தத்தை மக்கள் கேலி செய்ததால் அவ்வாண்டிலேயே பெரும்பாலான வகைகளிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. சத்தத்தைப் பின்னர் குறைத்துவிடலாம். ஆனால் மக்கும் உறையும் மக்காத உறையும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்க, ஒன்று உரக்குழியைக் கெடுப்பதும் மற்றொன்று மறுசுழற்சியைக் கெடுப்பதும் ஓயாது. முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறையும் அடிக்கடி முன்மொழியப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் மதுப்புட்டிகளுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. காட்டில் யானையின் காலைக் கிழித்த கண்ணாடித் துண்டுகள் அதற்குக் காரணமாயின. கனமான, மீண்டும் விலைபோகும் புட்டிக்கு அது பொருந்தியது. ஐந்து ரூபாய்ப் பண்டத்தின் உறைக்கு எவ்வளவு முன்பணம் வைப்பது, திரும்பிவந்த உறையை யாரிடம் விற்பது என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. ஒரே சிற்றுண்டிச்சாலை விற்று, அதுவே திரும்ப வாங்கும் மூடிய வளாகத்தில் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கொள்முதலின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. மென்பொருள் நிறுவன வளாகத்தில் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தலாம். அரசு மருத்துவமனையில் நோயாளியோடு இரவெல்லாம் தங்கும் உறவினர், வாசல் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தோடுதான் உள்ளே வருவார், அவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. பேருந்து நிலையமும் நீதிமன்ற வளாகமும் அப்படிப்பட்டவையே. அங்கே சேரும் உறைக்கு விடை, அதை விற்ற நிறுவனத்தின் பொறுப்பில்தான் உள்ளது. அப்பொறுப்போ இப்போது சான்றிதழ்களால் அளக்கப்படுகிறது. மறுசுழற்சி ஆலை, தான் இத்தனை டன் கையாண்டதாகச் சான்றளிக்கும். நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் காட்டும். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய சோதனையில் சுமார் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. கணக்கு முழுவதும் ஆலையின் முனையில் எழுதப்படுவதும், குப்பை பிறக்கும் முனையில் ஒருவரும் நிறுத்துப் பார்க்காததும் இதற்கு வழிவிட்டன.

பெருங்கழிவு உருவாக்கும் கட்டடங்கள் இவ்விடத்தில் பயன்படக்கூடும். அவற்றில் வாயிற்பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. வெளியேறும் வண்டியின் எண் எழுதப்படுகிறது. உலர் குப்பையில் உறைகளைத் தனிச் சாக்கில் கட்டி, எடையையும் எடுத்துச் செல்லும் நிறுவனத்தின் பெயரையும் குறித்து, சென்றுசேர்ந்த ஆலையின் ரசீதை அடுத்த மாதத் தொகை வழங்குவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டும் என்று துப்புரவு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும், அப்பணிக்குரிய கூடுதல் நேரக் கூலியும் சேர்த்தால் போதும். அந்த ரசீதில் சிமெண்ட் ஆலையின் பெயர் இருந்தால், நீலத் தொட்டியின் மேல் மறுசுழற்சி என்று எழுதியிருப்பதை அழித்துவிட்டு எரிப்புக்கு என்றே எழுதலாம். இத்தகைய எடைக் குறிப்புகள் மாவட்டந்தோறும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்கு வந்தால், 2027–28இல் 60 விழுக்காடு எட்டப்பட்டது என்று ஒரு நிறுவனம் கூறும்போது, ஒப்பிட்டுப் பார்க்க ஆலைச் சான்றிதழைத் தவிர வேறொரு கணக்கும் வாரியத்திடம் இருக்கும்.